சைவம் மட்டும்

பெருமாள்புரத்தில் மாடி வீடு.
கேட்டில் தொங்கிய அட்டை
ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தது.
முன்பணத்தை எண்ணி வாங்கும்போது
குற்றாலிங்கம் சார் வாயாலும் சொன்னார்:
"கருவாட்டு வாசம் மட்டும் படியேறப்படாது, பாத்துக்கிடுங்க."
சரி என்றேன்.
இன்றுவரை இந்த வீட்டில்
நான் அசைவம் சமைத்ததில்லை.

சமைத்ததில்லை.

தெற்கு ஜன்னலில், தயிர் டப்பாவில் இருக்கிறது அது.
கூரியரில் வந்தபோது ஈரப் பஞ்சுக்குள் நாலே வாய்கள்,
சுண்டுவிரல் நகமளவு.
இப்போது பதினொன்று.

பகலெல்லாம் வண்ணார்பேட்டை உரக்கடையில்
காருக்கு இத்தனை மூட்டை, பிசானத்துக்கு இத்தனை என்று
யூரியாவுக்குப் பில் போடுகிறேன்.
வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை கழுவுகிறேன்.
நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை போதும்,
இதன் வேர் வெந்துபோகும்.
ஒன்றும் தராத மண்ணில் பிறந்தது;
திடீரென்று தந்தால் தாங்காது.

தண்ணீரும் அப்படித்தான்.
தாமிரபரணி என்றால் மார்தட்டுகிற ஊரில்
குழாய்த் தண்ணீரில் மீட்டரை முக்கினேன்: நூற்றெண்பது.
ஐம்பதைத் தாண்டினால் இதற்கு ஆகாது.
மழை பெய்தால் மொட்டைமாடியில்
குடம், சட்டி, மூடி தொலைந்த குக்கர்.
பிடித்தது தீர்ந்தால்
முருகன்குறிச்சி பேட்டரிக் கடை.
"மாசம் அஞ்சு லிட்டர் வாங்குதிய,
எத்தன வண்டிக்கா வச்சிருக்கீய?"
ஒன்றுதான் தம்பி.
ஓடாது. வாய் மட்டும் மூடும்.

உள்ளே இருக்கும் ரோமத்தை ஒருமுறை தொட்டால்
காற்று என்று விட்டுவிடும்.
இருபது நொடிக்குள் இன்னொரு தொடுகை வந்தால்தான்
மூடும்.
இந்த எண்ணிக்கை தெரியாமல்
முதல் தொடுகையிலேயே மூடிக்கொண்டவள் நான்.
ஒன்பது வருஷம்,
உள்ளே ஒன்றுமில்லாமல்.

போன ஐப்பசியில் மோட்டார் பார்க்க மேலே வந்தார் சார்.
பிரதோஷம். நெற்றியில் ஈரம் காயாத பட்டை.
அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஒரு ஈ உட்கார்ந்தது. நடந்தது. நின்றது. நடந்தது.
சத்தமே இல்லை.
விரல் கோத்த மாதிரி முட்கள் கோத்துக்கொண்டன.
"எமிமா, இது... திங்குதா?"
"ஆமா சார்."
இருவருக்கும் அந்த அட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
முன்பணத்தில் பெயின்ட் செலவு எவ்வளவு போகும் என்று
நான் கழிக்கத் தொடங்கினேன்.

முப்பத்திரண்டு வருஷம் நில அளவைத் துறை.
எதையும் விளிம்பிலிருந்தே பார்ப்பார்.
டப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் தீப்பெட்டியோடு வந்தார்.
உள்ளே, பூசை விளக்கில் விழுந்து செத்த
சின்ன ஈசல் ஒன்று.
"நாம கொல்லலல்லா. தானா விழுந்தது."

வைத்தோம். மூடியது.
ஆனால் செத்தது துடிக்காது சார்,
துடிக்காததை மறுநாளே திறந்து விட்டுவிடும் என்றேன்.
"அப்பம் என்ன செய்யணும்?"
விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு ஒடித்துக் கொடுத்தேன்.
மூடிய இதழின்மேல் மெதுவாக,
விட்டு விட்டுத் தடவ வேண்டும்,
உள்ளே ஒரு உயிர் மல்லுக்கட்டுகிறது என்று
அது நம்பும்வரை.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
விரதத்தன்று வெங்காயம்கூடத் தொடாத அந்தக் கை
ஐந்து நிமிஷம்
ஒரு ஈசலின் சாவை நடித்துக்கொண்டிருந்தது.
நன்றாகவே நடித்தது.
நடுவில் ஒருமுறை நிறுத்தி, தளர்ந்து,
மறுபடியும் முண்டியது.
அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதழ் இறுகியதும் நிமிர்ந்தார்.
கை கழுவினார், இரண்டு தடவை.
பாதிப் படியில் நின்று, குரலை இறக்கி,
"கீழ அவ கிட்ட மூச்சு விட்ராதிய, என்ன."

பத்தாம் நாள் வாய் திறந்தது.
சிறகு மட்டும் மிச்சம், கண்ணாடித்தாள் மாதிரி.
அதே தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.
ஒன்றாம் தேதி
வாடகையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்,
அம்மா கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.